ஒரே காய்ச்சலுக்கு நான்கு காரணங்கள்: அண்ணனின் கணையப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நான் கற்றவை

புதிய சிகிச்சை ஒன்றின் மருத்துவ ஆய்வில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அண்ணன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூன்று சிகிச்சையையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் வேலை பார்க்கும்போது பாத்திரம் உடைந்தால், உடைத்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" மருத்துவர் சிரிக்கவில்லை. "பல நேரங்களில் கண்டுபிடிக்க முடியாது. எப்போது உடைந்தது என்று நீங்கள் சரியாகச் சொன்னால் ஓரளவு ஊகிக்கலாம்" என்றார். முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியே வாழ்ந்தவர் அண்ணன். அன்று மாலையே நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டுவிட்டார். முதல் ஆள் கீமோ, இரண்டாம் ஆள் வைரஸ், மூன்றாம் ஆள் நோயெதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி என்று பெயரும் வைத்தார். நான் கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. முதுகுவரை பரவும் வயிற்று வலி, காரணம் தெரியாமல் குறைந்த எடை, புதிதாக வந்த சர்க்கரை நோய், கடைசியாக மஞ்சள் காமாலை என்று அறிகுறிகள் வரிசையாக வந்தன. காமாலை வந்த பிறகுதான் கணையத்தின் தலைப்பகுதியில் இருந்த கட்டி தெரிந்தது. கல்லீரலிலும் இரண்டு சிறிய கட்டிகள் இருந்ததால் அறுவை சிகிச்சைக்கு இடமில்லை என்றார்கள். அடைபட்ட பித்தநாளத்தைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்து, காமாலைக்குக் காரணமான பிலிருபின் இறங்கும்வரை காத்திருந்தோம். அந்த ஸ்டென்ட் பின்னர் எங்களை ஒரு முறை நன்றாக ஏமாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பரவிவிட்ட கணையப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சை கீமோதான். 2011இல் வெளியான ஆய்வில், நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.1 மாதங்கள், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களுக்கு 6.8 மாதங்கள். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஜெம்சிடபினுடன் நாப்-பாக்லிடாக்சல் சேர்த்தபோது 8.5 மாதங்கள், சேர்க்காதபோது 6.7 மாதங்கள். இந்த எண்களை அண்ணன் இரண்டு முறை படித்தார், எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "வேறு என்ன நடக்கிறது என்று பார், தம்பி" என்றார். அப்படிப் பார்த்தபோதுதான் புற்றுநோய்ச் செல்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கும் ஆன்கோலிடிக் வைரஸ்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

மற்ற சில புற்றுநோய்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த இம்யூனோதெரபி, கணையத்தில் தனியாக நின்றால் அநேகமாக எதையும் சாதிப்பதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே கீமோ பெற்ற கணையப் புற்றுநோயாளிகளில் துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் பெற்ற ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. ட்ரெமெலிமுமாப் என்ற இன்னோர் இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கே சுருங்கியது. கணையக் கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாகப் படர்ந்திருப்பதும், உடலின் பாதுகாப்புச் செல்கள் அதற்குள் அதிகம் நுழையாததும் முக்கியக் காரணங்கள். கட்டிக்குள் ஆளே இல்லாதபோது, அவர்களுடைய கைக்கட்டை அவிழ்த்துவிடும் மருந்தால் என்ன பயன்?

அந்த ஆட்களை உள்ளே வரவழைப்பதற்குத்தான் வைரஸ். எங்கள் ஆய்வில் பயன்படுத்தியது, சாதாரணச் சளிக்குக் காரணமான அடினோவைரஸ் வகையை மாற்றியமைத்து உருவாக்கியது. நல்ல செல்லில் செல்பிரிவைக் கட்டுப்படுத்தும் பூட்டு ஒன்று உண்டு; பெரும்பாலான புற்றுசெல்களில் அது உடைந்திருக்கும். அந்த உடைவு இருக்கும் இடத்தில் மட்டுமே பெருகும்படி வைரஸை வடிவமைத்திருக்கிறார்கள். அது செல்லுக்குள் பெருகி, செல்லை வெடிக்கவைத்து, சிதறிய துணுக்குகளைப் பாதுகாப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டிவிடுகிறது. கீமோ கட்டியின் பருமனைக் குறைப்பதோடு, நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் சில வகைச் செல்களின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. இவ்வளவும் நடந்த பிறகு இம்யூனோதெரபி மருந்துக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் கீமோ வெள்ளணுக்களையும் வீழ்த்தும். உடலோ புற்றுநோயை எதிர்ப்பதற்கு முன் வைரஸையே எதிர்த்து ஒழித்துவிடக்கூடும். எனவே எந்த மருந்தை எந்த நாளில் கொடுப்பது என்பது இந்தச் சிகிச்சையில் வெறும் அட்டவணை விஷயம் அல்ல.

ஆய்வில் சேர்வதற்கு முன் நாங்கள் செய்த ஒரு காரியத்தை இப்போதும் சரியென்றே நினைக்கிறேன். கட்டியின் மரபணுப் பரிசோதனையும் பரம்பரைப் பரிசோதனையும் முடிந்து முடிவு வரும்வரை கையெழுத்திடவில்லை. நோயாளிகளில் ஒரு சதவீதத்தினர் அளவில் மட்டும் காணப்படும் எம்.எஸ்.ஐ. என்ற மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி தனியாகவே வேலை செய்ய வாய்ப்புண்டு, பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறவி மாற்றம் இருந்தால் பிளாட்டினம் வகைக் கீமோவும் அதன்பின் ஓலாபரிப் மாத்திரையும் பொருந்தும். அண்ணனுக்கு இரண்டுமே இல்லை. இருந்திருந்தால், நிரூபணமான வழியை விட்டு ஆய்வுக்குப் போவது முட்டாள்தனமாகியிருக்கும்.

படிவம் நாற்பது பக்கங்களுக்கு மேல் இருந்தது. அதில் நான் தேடியது நான்கு விஷயங்கள். எத்தனை முறை பயாப்ஸி (சோதனைக்குத் திசு) எடுப்பார்கள், அவற்றில் எவை சிகிச்சைக்குத் தேவை, எவை ஆராய்ச்சிக்கு மட்டும்? வெள்ளணு குறைந்து ஒரு வாரம் கீமோவை ஒத்திவைத்தால் வைரஸும் ஒத்திப்போகுமா? ஆய்விலிருந்து விலகினால் கீமோ மட்டும் தொடருமா? இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது? கடைசிக் கேள்விக்குப் பொதுத் தொலைபேசி எண்ணைத் தந்தார்கள். அதை ஏற்காமல், ஆய்வுக் குழுவில் இரவுப் பொறுப்பில் இருப்பவரின் எண் வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கினேன். அந்த வற்புறுத்தல் வீண்போகவில்லை.

வைரஸைச் செலுத்துவது எண்டோஸ்கோப்பி வழியாக. நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய்வழியே இறக்கி, இரைப்பைச் சுவரைத் தாண்டிக் கட்டிக்குள் நேராக ஊசி போடுகிறார்கள். மயக்கம் கொடுப்பதால் வலி தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு ஊசிகள். ஒவ்வொரு முறையும் முன்னதாக ஆன்டிபயாட்டிக் தந்தார்கள். ஏன் இவ்வளவு முன்னெச்சரிக்கை என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு 2003இல் வெளியான ஒரு பழைய ஆய்வைப் படித்தேன். ஓனிக்ஸ்-015 என்ற வைரஸை இதே முறையில் 21 பேருக்குச் செலுத்தியிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் இருவருக்கு ரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டது. எண்டோஸ்கோப்பின் விறைப்பான நுனி பட்டு இருவருக்கு முன்சிறுகுடலில் ஓட்டை விழுந்தது. இரைப்பைச் சுவர் வழியாக மட்டுமே ஊசி போடுவது என்று மாற்றிய பிறகு ஓட்டை விழவில்லை. அண்ணன் விழுங்கிய ஒவ்வோர் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கும் பின்னால், முகம் தெரியாத அந்த நோயாளிகள் பட்ட பாடு இருந்தது.

வீட்டில் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகள் ஆய்வுக்கு ஆய்வு, வைரஸுக்கு வைரஸ் மாறும். எங்களுக்குச் சொன்னவை எளியவை: ஊசிக்குப் பின் குறிப்பிட்ட நாட்கள்வரை தனித் துண்டு, வாந்தியைத் துடைக்கும்போது கையுறை, கழிப்பறையில் மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுவது. அண்ணனின் மகள் கருவுற்றிருந்தாள். அதை முதல் நாளே சொன்னதால், எத்தனை நாட்கள் அவள் விலகியிருக்க வேண்டும் என்று குழுவே தெளிவாக எழுதித் தந்தது. சொல்லக் கூச்சப்பட்டுவிட்டுப் பிறகு பயப்படுவதில் பொருளில்லை. அண்ணிக்குத்தான் இந்த நாட்கள் கடினமாக இருந்தன. தன் கணவரை ஏதோ தொற்றுநோய்க்காரர் போல நடத்துவதாக அவருக்குப் பட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். அதில் தேதி, மணி, என்ன நேர்ந்தது, அளவு, அன்று எந்தச் சிகிச்சையின் எத்தனையாவது நாள் என்று ஐந்து பத்திகள் இருந்தன. கடைசியில் 'யார்?' என்று ஆறாவது பத்தி. அதை மருத்துவர் சொன்ன பிறகுதான் நிரப்ப வேண்டும் என்பது அண்ணன் வகுத்த விதி. முதல் வைரஸ் ஊசிக்குப் பின் ஆறாவது மணி நேரத்தில் குளிர் நடுக்கம், எட்டாவது மணி நேரத்தில் காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸ், மறுநாள் மதியத்துக்குள் சரியாகிவிட்டது. இரண்டாவது ஊசிக்குப் பின்னும் அநேகமாக அதே நேரத்தில் அதே வரிசை. இரண்டு முறையும் குழுவை அழைத்தோம், ரத்தம் பார்த்தார்கள், 'யார்?' பத்தியில் 'இரண்டாம் ஆள்' என்று எழுதினோம். வைரஸ் சிகிச்சையில் காய்ச்சலும் நடுக்கமும் சோர்வும் எதிர்பார்க்கக்கூடியவை. அண்ணனின் கீமோவில் இருந்த ஜெம்சிடபினும் கொடுத்த ஓரிரு நாளில் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது.

என் தவறு இங்கேதான் நேர்ந்தது. மூன்றாவது ஊசி போட்டு ஒன்பதாம் நாள், கடைசிக் கீமோவுக்குப் பின் எட்டாம் நாள், மாலை ஆறு மணிக்கு அண்ணனுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. வெப்பமானி 38.6 காட்டியது. இது எனக்குப் பழகிய காய்ச்சல் என்று நினைத்தேன். பாராசிட்டமால் கொடுத்தேன், காய்ச்சல் இறங்கியது, நானும் நிம்மதியடைந்தேன். நோட்டை எடுத்துப் பார்த்திருந்தால், முந்தைய இரண்டு காய்ச்சல்களும் ஊசி போட்ட அன்றே வந்தவை என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு அண்ணிதான், "சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது" என்றார். அப்போதுதான் அந்த இரவு எண்ணை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: கடைசிக் கீமோ எந்த நாள், ஸ்டென்ட் இருக்கிறதா? உடனே அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

ஸ்டென்ட் அடைத்துப் பித்தநாளத்தில் கிருமித்தொற்று. போதாக்குறைக்கு, தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கையும் 500க்குக் கீழே இறங்கியிருந்தது. வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் ஆறு மணி நேரத்தை வீணடித்திருந்தேன். அன்றிரவே ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறியது, மறுநாள் ஸ்டென்டை மாற்றினார்கள், அண்ணன் பிழைத்தார். வைரஸ், ஜெம்சிடபின், வெள்ளணு குறைந்த நேரத்துத் தொற்று, ஸ்டென்ட் அடைப்பு என நான்கு காரணங்களில் எதனாலும் காய்ச்சல் வரலாம். வீட்டிலிருந்தபடி தொட்டுப் பார்த்து அவற்றைப் பிரித்தறிய யாராலும் முடியாது. அதன்பின் எங்கள் வீட்டில் ஒரே விதிதான்: 38 டிகிரியைத் தொட்டால், எந்த நாளாக இருந்தாலும், முதலில் அளவைக் குறித்துவிட்டு அழைக்க வேண்டும், அவர்கள் சொன்ன பிறகுதான் பாராசிட்டமால். மாத்திரை காய்ச்சலைக் குறைக்கும். காரணம் அப்படியே இருக்கும்.

அந்த இரவிலேயே இன்னொன்றும் கற்றேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் இப்படியொரு சிகிச்சையைக் கேள்விப்பட்டதில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? "வைரஸ் ஊசி" என்று நான் சொன்னதும் ஏதோ தடுப்பூசி என்று எழுதத் தொடங்கினார். நடுக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்றும் யோசித்தார். அண்ணனின் சட்டைப் பையில் ஆய்வுக் குழு தந்த அட்டை இருந்தது. மருந்துகளின் பெயர்கள், ஸ்டீராய்டு அல்லது வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குமுன் பேச வேண்டிய எண், எல்லாம் அதில் இருந்தன. அவரும் ஆய்வுக் குழுவினரும் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தார்கள். ஸ்டீராய்டே கூடாது என்பதல்ல. உயிர் காக்கத் தேவைப்பட்டால் கொடுத்தே ஆக வேண்டும். நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சையில் இருப்பவருக்கு அதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அட்டையை நகலெடுத்து என் பையிலும் அண்ணி பையிலும் வைத்துக்கொண்டோம்.

வயிற்றுப்போக்கும் காய்ச்சலைப் போலத்தான். கணையம் போதிய நொதிகளைச் சுரக்காததால் எண்ணெய்ப் பிசுக்குடன் மிதக்கும் மலம் ஒரு வகை. அதற்கு நொதி மாத்திரை. அதை உணவுக்கு முன்போ பின்போ மொத்தமாக விழுங்காமல், முதல் கவளத்தோடு ஒரு பகுதியும் நடுவில் மீதியுமாக எடுக்க வேண்டும் என்பதை ஓர் உணவியல் நிபுணர் சொல்லும்வரை இரண்டு மாதம் தவறாக எடுத்துக்கொண்டிருந்தோம். கீமோவால் வருவது இன்னொரு வகை. இம்யூனோதெரபி குடலையே தாக்கி வருவது மூன்றாவது. அதற்குத் தேவை ஸ்டீராய்டு. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நாமாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் மூன்றாவது வகை முற்றிவிடும். எத்தனை முறை, எந்த மாதிரி, இரவிலும் எழுப்புகிறதா என்று நோட்டில் எழுத அண்ணனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. "வரவு செலவுக் கணக்கில் வெட்கம் ஏது" என்று பிறகு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எட்டாவது வாரத்து ஸ்கேனில் கணையக் கட்டி சுருங்கியிருந்தது. கல்லீரலில் ஒரு கட்டி சிறுத்திருந்தது, மற்றொன்று சற்றே பெருத்திருந்தது. நாங்கள் கலங்கினோம். பாதுகாப்புச் செல்கள் குவிந்து வீங்குவதாலும் கட்டி பெரிதாகத் தெரியலாம், உண்மையிலேயே வளர்வதாகவும் இருக்கலாம், நான்கு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். வீக்கமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு; ஆனால் உண்மையான வளர்ச்சியே அதிகம் நேர்கிறது என்பதையும் அவரே சொன்னார். மறு ஸ்கேனில் அது வளரவில்லை. ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சி.ஏ. 19-9 அளவும் இறங்கியிருந்தது. அந்த எண்ணை மட்டும் நம்பி மகிழ்வதும் அழுவதும் வேண்டாம்: பித்தநாளம் அடைத்தாலே அது ஏறும், சிலருடைய உடல் அதைச் சுரப்பதே இல்லை.

இந்த இடத்தில் நான் படித்த முடிவுகளையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லோட்703 என்ற அடினோவைரஸை ஜெம்சிடபின், நாப்-பாக்லிடாக்சலுடன் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், மதிப்பிடக்கூடிய 18 பேரில் 8 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பெலரியோரெப் என்ற ரியோவைரஸை அதே கீமோவுடனும் அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியுடனும் சேர்த்தபோது 13 பேரில் 62 சதவீதத்தினருக்குச் சுருங்கியது. 2013இன் பெரிய ஆய்வில் அதே கீமோ மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கே சுருங்கியது என்பதோடு ஒப்பிட்டால் மனம் துள்ளும். ஆனால் இவை சிறிய ஆய்வுகள், ஒப்பிட வேறு குழு இல்லாதவை. ஆய்வுகளுக்குத் தேர்வாகிறவர்கள் ஓரளவு நடமாட்டத்துடன் இருப்பவர்கள். இதே பெலரியோரெப்பை வேறொரு கீமோவுடன் சேர்த்து, குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில் நோயைக் கட்டுப்படுத்திய காலம் கூடவில்லை. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக் போல, கணையத்துக்கு அனுமதி பெற்ற வைரஸ் மருந்து அப்போது எதுவும் இல்லை. எனவே அண்ணனின் கட்டியைச் சுருக்கியது யார் என்று கேட்டால், கீமோ மட்டுமே கூட அதைச் செய்திருக்கலாம். நோட்டில் அந்த ஸ்கேன் வரிக்கு எதிரே 'யார்?' பத்தி காலியாகவே இருக்கிறது.

ஏழு மாதங்கள் நோய் அடங்கியிருந்தது. பிறகு கல்லீரலில் புதிய கட்டிகள் தோன்றின, ஆய்வு முடிந்தது. வேறு கீமோவை அண்ணன் இரண்டு முறை ஏற்றுக்கொண்டு, மூன்றாவது முறை வேண்டாம் என்றார். வலி நிவாரணக் குழுவை நாங்கள் தொடக்கத்திலிருந்தே பார்த்துவந்தது அப்போது உதவியது. புதிய முகங்களிடம் போய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிகிச்சை நின்று ஐந்தாவது வாரத்தில் அண்ணனால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. நாள் முழுவதும் தூக்கம், குளிர், மெதுவான பேச்சு. முடிவு நெருங்கிவிட்டது என்று அண்ணியும் நானும் பேசிக்கொண்டோம், உறவினர்களுக்கும் சொல்லிவிட்டோம். நோட்டெழுதுவதை நாங்கள் நிறுத்திவிட்டிருந்தோம். வீட்டுக்கு வந்த வலி நிவாரணக் குழுவின் செவிலியர், மேசையிலிருந்த பழைய நோட்டைப் புரட்டிவிட்டு, "இம்யூனோதெரபி கடைசியாக எப்போது?" என்று கேட்டார். அந்த மருந்தின் விளைவுகள் நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் கழித்தும் வரலாம் என்பதை எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் மறந்துபோனோம். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. அட்ரினல் சுரப்பையும் பார்த்து, அது சரியாக இருப்பதை உறுதிசெய்த பிறகு, நாளொன்றுக்கு ஒரு தைராக்சின் மாத்திரை தொடங்கினார்கள்.

மூன்று வாரத்தில் அண்ணன் வாசல்வரை நடந்தார். அதற்கடுத்த வாரம் மகளின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, விட்டுப்போன வாரங்களுக்கு நேரே ஒரு நீளக் கோடு இழுத்து, சோர்வு என்று எழுதி, 'யார்?' பத்தியில் 'மூன்றாம் ஆள்' என்று அவர் கையாலேயே நிரப்பினார். அதன்பின் இரண்டு மாதங்கள் இருந்தார்.